பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற எந்த கேப்சர் கார்டு வாங்கலாம்?

#1 தாமிரபரணிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய விஎச்எஸ் கேசட் கிடக்கிறது. 1993 அக்கா கல்யாணம், 1997 அண்ணன் கல்யாணம், நடுவில் காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எல்லாம் கலந்து. கூடவே 2004 வாக்கில் எடுத்த சின்ன மினிடிவி (MiniDV) கேசட்டுகளும் கொஞ்சம்.

ஊரில் ஒரு ஸ்டுடியோவில் சாம்பிளுக்கு ஒரு கேசட் கொடுத்தேன். டிவிடி போட்டுத் தந்தார்கள். முகமெல்லாம் மெழுகில் செய்த மாதிரி இருக்கிறது, தாலி கட்டும்போது கை அசைந்தால் சீப்புப் பல் போல கோடு கோடாக வருகிறது. நாமே செய்துவிடலாம் என்று முடிவு.

என்னிடம் இருப்பது: ஐ5 டெஸ்க்டாப், 16 ஜிபி ராம், விண்டோஸ் 11, ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலி. மாமா வீட்டு விசிஆர் இன்னும் ஓடுகிறது. கடையில் கேட்டால் "4கே கார்டு இருக்கு சார், லேட்டஸ்ட்" என்று எச்டிஎம்ஐ கார்டை நீட்டுகிறார்கள். பட்ஜெட் ஐயாயிரம், ஆறாயிரம். உள்ளே செருகும் கார்டா, யூஎஸ்பியா? எது நல்லது?

#2 கீபோர்டு_கோபால்

ஈஸிகேப் என்ற யூஎஸ்பி கேப்சர் குச்சி. ஆயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று ஒயரையும் குத்து, ரெக்கார்ட் அழுத்து, காபி குடி. இதற்கு எதற்கு ப்ரோ ஆறாயிரம்?

#3 பழைய_எடிட்டர்

தம்பி, கும்பகோணம் பக்கம் நீண்ட காலம் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்தவன் நான். கார்டு வாங்குவதற்கு முன்னால் சில விஷயம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், உங்கள் பெட்டியில் இருக்கும் கேசட் எது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் பானாசோனிக் எம்3000, எம்9000 மாதிரி தோளில் வைக்கும் கேமராவில் நேராக விஎச்எஸ் கேசட்டிலேயே எடுப்போம். அதுதான் மாஸ்டர். அப்புறம் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து, எம்எக்ஸ்50 மாதிரி ஒரு மிக்ஸரில் போட்டு, இதயத்துக்குள் மாப்பிள்ளை முகம், ரோஜாப்பூவுக்குள் பொண்ணு முகம் எல்லாம் வைத்து, சினிமாப் பாட்டு சேர்த்து இன்னொரு கேசட்டில் இறக்குவோம். பார்ட்டிக்குக் கொடுப்பது அந்த இரண்டாவது கேசட். சொந்தக்காரர்கள் கேட்டால் அதிலிருந்து மூன்றாவது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நிறம் வழியும், முகம் கரையும். அதனால் உங்கள் வீட்டில் இருப்பது மூன்றாவது காப்பியாக இருந்தால், மாப்பிள்ளை வீட்டில் முதல் காப்பி இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கார்டை மாற்றிக் கிடைக்கும் லாபத்தைவிட இதில் கிடைக்கும் லாபம் அதிகம். சிலர் வீட்டில் மாஸ்டரையும் கேட்டு வாங்கி வைத்திருப்பார்கள். லேபிளில் "ஒரிஜினல்" என்றோ "ரஃப்" என்றோ எழுதியிருக்கும்.

இரண்டாவது, கேசட்டின் கண்ணாடி வழியாக ரீலின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக மாவு தூவினமாதிரி இருந்தால் அது பூஞ்சை. அதை விசிஆரில் போடவே கூடாது. விசிஆரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்தடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும்.

மூன்றாவது, மினிடிவிக்கு கேப்சர் கார்டே வேண்டாம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கோபால் சொன்ன மூன்று ஒயர் விஷயம் தப்பில்லை. ஆனால் காபி குடிக்கப் போய்விட்டால் நடுவில் எத்தனை ஃப்ரேம் விழுந்தது என்று தெரியாது.

#4 தாமிரபரணிக்காரன்

அண்ணாச்சி, இப்பவே பெட்டியைத் திறந்து பார்த்தேன். அக்கா கல்யாணத்தில் "பாகம் 1, பாகம் 2" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. எல்லாம் இ-180, மூன்று மணி நேரக் கேசட். அத்தான் வீட்டில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு கேசட்டில் மட்டும் வெள்ளை தெரிகிறது, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மினிடிவிக்கு எப்படி?

#5 வேலு_கேமிங்

ப்ரோ, ஏவி டூ எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் பாக்ஸ் ஒன்று வாங்குங்க. அதை ஒரு எச்டிஎம்ஐ கேப்சர் கார்டில் போட்டு ஓபிஎஸ்-ன்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்ணுங்க. 1080பி-ல வரும். பின்னாடி அதே கார்டை பிஎஸ்5-க்கும் யூஸ் பண்ணிக்கலாம். ஒரே கல், ரெண்டு மாங்கா.

#6 சர்க்யூட்_சாந்தி

வேலு, மாங்காய் இரண்டுமே புளிக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் ஊர் விஎச்எஸ் எல்லாம் 'பால்' (PAL) என்ற டிவி சிக்னல் முறை. மொத்தம் 625 வரி, அதில் கண்ணுக்குத் தெரியும் படம் 576 வரி. நொடிக்கு 25 ஃப்ரேம். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதியாக, அதாவது ஒற்றை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டை வரிகள் ஒரு ஃபீல்டு என்று, நொடிக்கு 50 ஃபீல்டாக வருகிறது. இந்த இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல. 1/50 நொடி இடைவெளி உண்டு. தாமிரபரணிக்காரன் பார்த்த சீப்புப் பல் அதுதான். டிவிடி போட்டவர்கள் இரண்டு பாதியையும் அப்படியே ஒட்டிவிட்டார்கள், அல்லது அளவை மாற்றும்போது வரிகளைக் குழப்பிவிட்டார்கள்.

அந்த மலிவு கன்வெர்ட்டர் பாக்ஸ் என்ன செய்கிறது? இந்த 50 ஃபீல்டை உள்ளேயே அவசரமாக ஒட்டி, 720பி அல்லது 1080பி ஆகப் பெரிதாக்கி, பெரும்பாலும் நொடிக்கு 60 ஃப்ரேமாக மாற்றி வெளியே தள்ளுகிறது. 50-ஐ 60-க்குள் நீட்டும்போது கேமரா நகரும் இடமெல்லாம் படம் தத்தித் தத்திப் போகும். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்துப் பட்டுப்புடவை கட்டிய எல்லாரையும் குண்டாகக் காட்டும். இப்படி ஒருமுறை ஒட்டிய ஃபீல்டைப் பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. விஎச்எஸ்ஸில் குறுக்குவாட்டில் இருக்கும் நுணுக்கமே சுமார் 240 கோடுதான். 1080பி என்று ஃபைலுக்குப் பெயர் வரும், படத்தில் புதிதாக எதுவும் வராது.

வேண்டியது இதற்கு நேர்மாறானது: 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம், இன்டர்லேஸ் (அந்த இரண்டு பாதி ஃபீல்டு) அப்படியே, எதையும் திருத்தாமல் கொடுக்கும் ஒரு சாதாரண அனலாக் கார்டு. ஒட்டும் வேலையைக் கம்ப்யூட்டரில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

உள்ளே செருகுவதா யூஎஸ்பியா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். 720×576 படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 ஃப்ரேம்: நொடிக்குச் சுமார் 20.7 எம்பி. பிட்டில் சொன்னால் 166 மெகாபிட். பழைய யூஎஸ்பி 2.0-வின் அளவு 480 மெகாபிட். சுருக்காமலேயே தாராளமாகப் போகும். ஆக, விஎச்எஸ்ஸுக்கு யூஎஸ்பியே போதும். காலி ஸ்லாட்டை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

#7 கீபோர்டு_கோபால்

அப்படியென்றால் நான் சொன்ன ஈஸிகேப் யூஎஸ்பிதானே! அதுவும் 720×576 என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது. நான் எங்கள் வீட்டு ஆல்பம் முழுக்க அதில்தான் ஏற்றினேன். யாரும் குறை சொல்லவில்லை.

#8 சர்க்யூட்_சாந்தி

கோபால், உங்களுக்கு நல்லபடியாக அமைந்தது சந்தோஷம். ஆனால் ஈஸிகேப் என்பது ஒரு பொருளே இல்லை. அதே பெட்டி, அதே நீல ஸ்டிக்கர், உள்ளே இருக்கும் சிப் மட்டும் ஆளுக்கொன்று. எஸ்டிகே1160 இருக்கலாம், எம்பியா இஎம்2860 இருக்கலாம், சோமேஜிக் இருக்கலாம், யூடிவி007 இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேறு. ஒன்றுக்கான குறுந்தட்டு இன்னொன்றோடு வரும். விண்டோஸ் 11-ல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருந்தால் பழைய டிரைவர் பல ஏறவே ஏறாது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் பல சிப்புக்கு கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. அவர்களுக்கு இது மோசமான பேரமில்லை.

வாங்குமுன் உள்ளே எந்த சிப் என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் என் ஆட்சேபம். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஃபீல்டை ஒழுங்காகக் கொடுக்கிறதா, சிக்னல் ஆடும்போது ஃப்ரேமைத் தொலைக்கிறதா, வெள்ளைப் பகுதியை வெட்டுகிறதா என்பதையெல்லாம் பெட்டி சொல்லாது. கடைசி விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். மணவறையில் வீடியோ லைட் போட்டு எடுத்த படம், வெள்ளை வேட்டி. வெளிச்சத்தை வெட்டும் கார்டில் வேட்டி ஒரு வெள்ளை அட்டையாகிவிடும், மடிப்பே தெரியாது.

என் பரிந்துரை: ஹாபாஜ் யூஎஸ்பி-லைவ்2. ஆர்சிஏ (அந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்), எஸ்-வீடியோ (ஒளியும் நிறமும் தனித்தனியாக வரும் ஒயர்) இரண்டும் உண்டு, 720×576 இன்டர்லேஸ் அப்படியே கொடுக்கும். நம் ஊர்க் கடைகளில் சட்டென்று கிடைக்காது, ஆன்லைனில் இறக்குமதியாக வரும், அல்லது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லலாம். எல்கேட்டோ வீடியோ கேப்சர் என்று ஒன்று பளபளவென்று இருக்கும். பயன்படுத்த எளிது, ஆனால் அதன் சொந்த மென்பொருள் 640×480-க்குக் குறைத்து, அப்போதே எச்.264 ஆகச் சுருக்கிவிடும். 576 வரியை 480-க்கு அமுக்கினால் ஃபீல்டு கதை முடிந்தது.

#9 பழைய_எடிட்டர்

சாந்தி அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் ஒரு ஓரத்தை மட்டும் சேர்க்கிறேன்.

பெரிய கம்பெனி கார்டு என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைக்காதீர்கள். பிளாக்மேஜிக் இன்டென்சிட்டி நல்ல கார்டு, ஸ்டுடியோ கேமரா, மிக்ஸர் போன்ற சுத்தமான சிக்னலுக்கு. விஎச்எஸ்ஸின் ஆட்டத்துக்கு அது ஈடுகொடுக்காது என்பது தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? டேப் ஒரு பிளாஸ்டிக் நாடா. இழுபடும், சுருங்கும். ஹெட் டிரம் சுற்றும் வேகத்திலும் மிகச் சின்ன வித்தியாசம் இருக்கும். அதனால் ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரம் துளி முன்னே பின்னே போகும். பழைய டிவி பெட்டி அதைச் சகித்துக்கொள்ளும். டிஜிட்டல் கார்டு சகிக்காது. படத்தில் கதவு நிலை, தூண் எல்லாம் நெளிந்தால், மேல் ஓரம் கொடி மாதிரி வளைந்தால், அது கார்டின் குற்றமில்லை. அதைச் சரிசெய்ய டைம் பேஸ் கரெக்டர், டிபிசி, வேண்டும். தனியாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். ஆனால் பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 என்று பழைய டிவிடி ரெக்கார்டர் உண்டு. அதில் எதையும் ரெக்கார்ட் செய்ய வேண்டாம். விசிஆரிலிருந்து அதன் உள்ளே விட்டு, வெளியே எடுத்து, கார்டுக்குக் கொடுத்தாலே வரிகளை நேராக்கிவிடும். செகண்ட் ஹேண்டில் யாராவது பரணில் போட்டிருப்பார்கள், டிஸ்க் டிரைவ் செத்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை.

பட்ஜெட்டை நான் பிரிப்பதானால் பாதி கார்டுக்கு, பாதி விசிஆர் சர்வீஸுக்கும் இந்தப் பெட்டிக்கும். விசிஆரே இனி புதிதாகக் கிடையாது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. மாமா வீட்டு விசிஆரை நகையைப் போல வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பெல்ட்டும், நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலரும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

#10 ஸ்காபரோ_சிவம்

வணக்கம் அண்ணை. நான் ரொறன்ரோவில இருக்கிறன். உங்கட கதையை வாசிக்க என்னட்டயும் ஒரு கேள்வி இருக்கு. எங்களிட்ட ரெண்டு விதக் கேசட் கிடக்குது. 80களில கொழும்பில எடுத்தது கொஞ்சம், இஞ்ச வந்தபிறகு எடுத்த பிறந்தநாள், சாமத்தியவீடு கொஞ்சம். இஞ்சத்த விசிஆரில கொழும்புக் கேசட்டைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையா உருளுது. கார்டை மாத்தினால் சரிவருமோ?

#11 சர்க்யூட்_சாந்தி

சிவம் அண்ணா, அது விசிஆரின் எல்லை. கனடா விசிஆர் என்டிஎஸ்சி என்ற வேறு முறை: 525 வரி, நொடிக்கு 29.97 ஃப்ரேம். கொழும்பில் எடுத்தது 'பால்'. கார்டு பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும், மெனுவில் மாற்றினால் போதும். ஆனால் விசிஆர் அந்த டேப்பைப் படிக்க வேண்டுமே. இரண்டு முறையையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் விசிஆர் ஒன்று தேடுங்கள், அல்லது அந்தக் கேசட்டுகளை மட்டும் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போகும்போது எடுத்துப் போய் இங்கே ஏற்றுங்கள்.

தலைகீழாகவும் ஒரு பொறி உண்டு. நம் ஊர் விசிஆர் பல என்டிஎஸ்சி கேசட்டையும் ஓட்டிக் காட்டும். டிவியில் கலராகவே தெரியும். ஆனால் வெளியே வருவது 'பால்-60' என்ற கலப்படச் சிக்னல். அதைக் கண்டால் கேப்சர் கார்டு குழம்பிக் கலரை விட்டுவிடும் அல்லது படத்தை உருட்டும். என்டிஎஸ்சி கேசட்டுக்கு என்டிஎஸ்சி விசிஆரே சரி.

#12 ஸ்காபரோ_சிவம்

இப்ப விளங்குது. மிச்சம் நன்றி. இஞ்ச பழைய சாமான் கடையளில மல்டி சிஸ்டம் விசிஆர் இருக்கோ எண்டு கேட்டுப் பாக்கிறன்.

#13 பழைய_எடிட்டர்

மினிடிவி பாக்கி வைத்திருந்தேன்.

மினிடிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் ஃபைல். நொடிக்கு 25 மெகாபிட் டிவி (DV) முறை, டெலிவிஷன் இல்லை. கேமராவின் மஞ்சள் ஒயரை எடுத்து கேப்சர் கார்டில் குத்தினால், டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறீர்கள். வேண்டாத வேலை. ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிளில் இழுத்தால் டேப்பில் உள்ள பிட் அப்படியே ஃபைலாக இறங்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. காலி ஸ்லாட் இருக்கிறது என்றீர்களே, அதில் போடவேண்டியது ஃபயர்வயர் கார்டுதான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், விலையும் அதிகமில்லை. கேமராப் பக்கம் 4 பின், கார்டு பக்கம் 6 பின். விண்டோஸ் 11-ல் கேமராவைக் கண்டுகொள்ளவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட்டின் '1394 லெகசி' (பழைய ஃபயர்வயர்) டிரைவரை மாற்றிப் போடவேண்டும். இழுப்பதற்கு வின்டிவி என்ற குட்டி மென்பொருள் போதும்.

கேமராவில் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெரும்பாலான மாடலில் அது மெமரி கார்டில் எடுத்த போட்டோவுக்கு. வீடியோ வந்தாலும் தரம் குறைந்த படம்தான் வரும்.

#14 கனோபஸ்_ரசிகன்

எடிட்டர் அண்ணே, இவ்வளவு சொல்லிவிட்டு ஏடிவிசி-110-ஐ விட்டுவிட்டீர்களே! கனோபஸ் பெட்டி. விஎச்எஸ்ஸை உள்ளே விட்டால் DV-யாக மாற்றி ஃபயர்வயரில் தரும். சத்தமும் படமும் ஒருநாளும் பிரியாது. ஃபயர்வயர் கார்டு வாங்கத்தானே போகிறார், ஒரே கார்டில் இரண்டு வேலையும் முடியும். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நேராக எடிட்டும் செய்யலாம்.

#15 பழைய_எடிட்டர்

கனோபஸ்ஸில் சம்பாதித்துத்தான் வீடு கட்டினேன், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 'பால்' DV-யில் நிறத்தின் அளவு 4:2:0, அதாவது நான்கு புள்ளிக்கு ஒரு நிறம்தான். விஎச்எஸ்ஸில் நிறம் ஏற்கெனவே வழிந்து கிடக்கிறது. அதை DV-யாகச் சுருக்கினால் சிவப்புப் புடவையின் ஓரத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். அன்றைக்கு ஹார்டு டிஸ்க் சின்னது, கம்ப்யூட்டர் மெதுவானது, அதனால் DV பெரிய வரம். இன்று இழப்பில்லாமல் சேமிக்க வசதி இருக்கும்போது ஏன்?

#16 கனோபஸ்_ரசிகன்

ஒத்துக்கொள்ள மாட்டேன். மணிக்கு 13 ஜிபி எங்கே, நீங்கள் சொல்லும் இழப்பில்லாத ஃபைல் எங்கே? ஒரு பெட்டி கேசட் என்கிறார். வீட்டில் உட்கார்ந்து செய்பவருக்குச் சத்தம் பிரியாமல் இருப்பது, புடவை ஓரக் கட்டத்தைவிட முக்கியம். பாதிப் பேர் சத்தம் விலகுகிறது என்றுதான் கைவிடுகிறார்கள்.

#17 சர்க்யூட்_சாந்தி

இதில் இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. சத்தம் விலகுவதற்குப் பெரும்பாலும் காரணம் விழுந்த ஃப்ரேம்கள். நடுவில் அந்த இஎஸ்10 மாதிரிப் பெட்டி இருந்தால் ஃப்ரேம் விழுவது வெகுவாகக் குறையும், சத்தமும் ஒழுங்காக இருக்கும். அது கிடைக்காதவர்களுக்கு ஏடிவிசி-110 நல்ல இரண்டாம் வழி.

இடக் கணக்கு: சுருக்காமல் வைத்தால் மணிக்கு 75 ஜிபி பக்கம். ஹஃப்ஒய்யூவி அல்லது லாகரித் என்ற சுருக்கு முறை போட்டால் இழப்பில்லாமல் மணிக்கு 30 ஜிபி சுற்றி வரும். மூன்று மணி நேர இ-180 ஒன்றுக்குச் சுமார் 90 ஜிபி. ஒரு கேசட் முடித்து, நல்ல எச்.264 ஃபைல் செய்து, சரிபார்த்து, பெரியதை அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

#18 வேலு_கேமிங்

சரி அக்கா, என் மாங்காய்க்கு வருவோம். பிஎஸ்5-க்கு எது? "4கே" என்று போட்ட ஆயிரம் ரூபாய் குச்சி வாங்கலாமா?

#19 சர்க்யூட்_சாந்தி

அந்தக் குச்சிகள் பலவற்றில் இருப்பது எம்எஸ்2109 சிப். 4கே என்பது அது உள்ளே வாங்கிக்கொள்ளும் சிக்னல். வெளியே கொடுப்பது அதிகபட்சம் 1080பி, நொடிக்கு 30, அதுவும் எம்ஜேபெக் ஆகச் சுருக்கி, ஏனென்றால் அது யூஎஸ்பி 2.0. பிளக்கின் நாக்கு நீலமாக (யூஎஸ்பி 3.0-வின் அடையாளம்) இருந்தாலும் நம்பவேண்டாம், சில குச்சிகளில் வெறும் நீல பிளாஸ்டிக்தான். 1080பி, நொடிக்கு 60, சுருக்காமல் என்றால் நொடிக்குச் சுமார் 2 கிகாபிட். நிஜமான யூஎஸ்பி 3.0 வேண்டும். எல்கேட்டோ எச்டி60 எக்ஸ் மாதிரி பார்க்கலாம். 4கே, நொடிக்கு 60 வேண்டும் என்றால் 5 கிகாபிட்டும் போதாது, அப்போதுதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு அர்த்தம் வருகிறது. கருப்புத் திரை வந்தால் பயப்படாதீர்கள், பிஎஸ்5 செட்டிங்கில் எச்டிசிபி என்ற நகல் தடுப்பை அணையுங்கள்.

மேற்கொண்டு கேமிங் கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள் வேலு, இங்கே கல்யாணம் நடக்கிறது.

#20 தாமிரபரணிக்காரன்

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன். யூஎஸ்பி-லைவ்2 துபாயிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்தான். ஃபயர்வயர் கார்டு ஆன்லைனில் வாங்கிப் போட்டேன். மினிடிவி எல்லாம் லட்டு மாதிரி இறங்கிவிட்டது. அத்தான் வீட்டில் "பாகம் 1" இன்னொரு காப்பி கிடைத்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் அவர்கள் காப்பியில் நாதஸ்வரக்காரர் மோதிரம்கூடத் தெரிகிறது, எங்கள் காப்பியில் கையே ஒரு பழுப்புத் திட்டு.

இப்போது சிக்கல்: விர்ச்சுவல்டப் என்ற பதிவு மென்பொருளில் படம் வருகிறது, சத்தம் சுத்தமாக இல்லை. ஒயரை மாற்றிப் பார்த்தேன், அப்படியே.

#21 சர்க்யூட்_சாந்தி

விண்டோஸ் செட்டிங், பிரைவசி, மைக்ரோஃபோன். அதில் "டெஸ்க்டாப் ஆப்" மைக்ரோஃபோனைப் பயன்படுத்தலாம் என்று ஆன் செய்யுங்கள். கேப்சர் கார்டின் சத்தத்தையும் விண்டோஸ் மைக்காகத்தான் நினைக்கிறது. கேமரா பகுதியிலும் அப்படியே.

அப்படியே இதையும் போடுங்கள்: படம் 720×576, ஒய்யூஒய்2 (நிற வடிவம்), நொடிக்கு 25.000. சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். பதிவின்போது கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கேட்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஓரத்தில் விழுந்த ஃப்ரேம், சேர்த்த ஃப்ரேம் இரண்டும் எண்ணாக ஓடும். ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு இருந்தால் விடுங்கள். நூற்றுக்கணக்கில் ஏறினால் நிறுத்துங்கள். ஹிஸ்டோகிராமைத் திறந்து, வேட்டி தெரியும் காட்சியில் கோடு சிவப்புப் பகுதிக்குள் போகாதபடி கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். கீழ் ஓரத்தில் சில வரி கிழிந்தமாதிரி தெரிவது ஹெட் மாறும் இடம், எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு. பிறகு கருப்புப் பட்டை போட்டு மறைக்கலாம்.

#22 தாமிரபரணிக்காரன்

சத்தம் வந்துவிட்டது! ஃப்ரேம் விழுவது பெரும்பாலான இடத்தில் இல்லை. காதுகுத்துக் கேசட்டில் மட்டும் மேல் ஓரம் வளைகிறது, எண்ணிக்கையும் ஏறுகிறது. இஎஸ்10 தேடிக்கொண்டிருக்கிறேன்.

சீப்புப் பல்லை எடுக்க என்ன செய்யவேண்டும்?

#23 சர்க்யூட்_சாந்தி

அவிசிந்த் என்ற ஸ்கிரிப்ட் எழுதும் மென்பொருளில், ஃபீல்டுகளை முழு ஃப்ரேமாக்கும் கியூடிஜிஎம்சி. நேரம் எடுக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். நொடிக்கு 50 ஃப்ரேமாக எடுங்கள், 25 வேண்டாம், அப்போதுதான் அசைவு டிவியில் பார்த்த மாதிரியே இருக்கும். எழுதத் தெரியாது என்றால் ஹைப்ரிட் என்ற மென்பொருளில் பட்டன் அழுத்தியே செய்யலாம். ஃபீல்டு வரிசை கேட்டால், கேப்சர் கார்டில் வந்ததற்கு மேல் ஃபீல்டு முதலில். மினிடிவி ஃபைலுக்குக் கீழ் ஃபீல்டு முதலில். மாற்றிப் போட்டால் எல்லாரும் நடுங்கிக்கொண்டே நடப்பார்கள்.

#24 கீபோர்டு_கோபால்

யூட்யூபில் போடப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மிக்ஸிங்கில் சேர்த்த பாட்டுக்கெல்லாம் காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். நான் ஏற்றியதில் நலங்கு முழுக்கச் சத்தமில்லாமல் ஓடுகிறது.

#25 பழைய_எடிட்டர்

பாட்டு சேர்த்தது எங்கள் தொழில், அதற்கு இன்றைக்குப் பில் வருகிறது :)

தம்பி, அந்தப் பூஞ்சைக் கேசட்டை மாமா வீட்டு விசிஆரில் போட்டுவிடாதீர்கள். பழைய, ஓட்டை விசிஆர் ஒன்றைத் தனியாக வாங்கி, படம் ஓட்டாவிட்டாலும் நாடாவைச் சுற்றினால் போதும், அதில் வைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். ஈரம் போக சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் முதலில் போட்டு வையுங்கள். காய்ந்த பூஞ்சை தூளாக உதிரும், மூக்கைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியில் வைத்துச் செய்யுங்கள். துடைக்கும் முறையைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள்.

#26 ஸ்காபரோ_சிவம்

அண்ணை, படம் போடேக்க எனக்கும் ஒருக்கா சொல்லுங்கோ. மல்டி சிஸ்டம் விசிஆர் ஒண்டு கிடைச்சிட்டுது, ஆனால் கொழும்புக் கேசட்டிலயும் வெள்ளை பிடிச்சிருக்கு. மற்றது சாந்தி, என்டிஎஸ்சி மினிடிவிக்கும் கீழ் ஃபீல்டுதானோ முதல்ல?

#27 சர்க்யூட்_சாந்தி

ஆமாம் அண்ணா, DV ஃபைல் என்றால் இரண்டு முறையிலும் கீழ் ஃபீல்டுதான் முதலில்.